ஒரே பிராண்டையே பிடித்துக்கொண்டு இருக்கணுமா, மாறலாமா?

சுடர்விழி:

வீட்டில் வாஷிங் மெஷின் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கும் அண்ணனுக்கும் இதில் ஒரே வாக்குவாதம். "பழையது அத்தனை வருஷம் உழைச்சுக் கொடுத்தது. அதே கம்பெனிதான் வாங்கணும். நல்லா இருக்கிறதை விட்டுட்டு எதுக்கு வெளியே தேடுறே" என்பது அண்ணன் கட்சி. கம்பெனி நமக்கு என்ன சொந்தமா, பணம் கொடுத்தோம், பொருள் வந்தது, கணக்கு அன்றைக்கே தீர்ந்தது என்பது என் கட்சி.

ஆனால் ஷோரூமில் போய் நின்றால் எனக்கும் கண் அந்தப் பழைய பெயர் பக்கம்தான் போகிறது. புதுப் பெயரைப் பார்த்தால் ஒரு தயக்கம் வருகிறது. இது வெறும் பழக்கதோஷமா, அதில் நியாயம் ஏதாவது இருக்கிறதா? மெஷினுக்கு மட்டும் கேட்கவில்லை. போன், மருந்து, இன்சூரன்ஸ், கேமரா, எதை எடுத்தாலும் சரி, ஒரே பெயரோடு தங்கிவிடுவதால் வாங்குகிற நமக்கு நன்மை உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஸ்பேனர்:

வீட்டு சாமான் சர்வீஸ்தான் என் தொழில். தினமும் கண்ணால பார்க்கிறதைச் சொல்றேன்.

"அதே கம்பெனி"ன்னு அண்ணன் சொல்றாரே, அது இன்னும் அதே கம்பெனிதானான்னு முதல்ல பாருங்க மேடம். ஜெனரல் எலெக்ட்ரிக்கோட ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பிரிவு 2016-லேயே சீனாவோட ஹையர் கைக்குப் போயிடுச்சு. பெட்டி மேல பேர் மட்டும் பழசு. பிலிப்ஸ் பேர்ல வர்ற டிவியை 2012-லேர்ந்து டிபி விஷன்னு வேற ஒரு கம்பெனி பார்த்துக்குது. அயர்ன் பாக்ஸ், காபி மெஷின் எல்லாம் செய்ற பிரிவையும் பிலிப்ஸ் 2021-ல வித்துடுச்சு. தோஷிபா டிவி பிரிவு 2018-ல ஹைசென்ஸ்கிட்ட போச்சு. நான் இதைக் குறையா சொல்லலை. வாங்கினவங்க முன்னாடி இருந்தவங்களைவிட நல்லாவே செய்யலாம். ஆனா நீங்க நன்றி காட்டணும்னு நினைக்கிற ஆள் அந்த வீட்டுல குடியிருக்காரான்னே தெரியாம போய்க் கதவைத் தட்டுறீங்க.

இன்னொரு விஷயம். ஃப்ரன்ட் லோடு மெஷின்ல டிரம்மைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் டப் இருக்கும். ரெண்டு பாதியா வார்த்து சேர்த்திருப்பாங்க. சில மாடல்ல சுத்தி ஸ்க்ரூ போட்டு, நடுவுல ரப்பர் வளையம் வச்சு மூடியிருப்பாங்க. சில மாடல்ல ரெண்டு பாதியையும் உருக்கி ஒரேயடியா ஒட்டிடுவாங்க. மூடி போட்டு நிக்கிற மெஷினை வெளியிலேர்ந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. சில வருஷம் கழிச்சு பின்னாடி பேரிங் போகும். ஸ்பின் எடுக்கும்போது கடகடன்னு இரைச்சல் வரும், அடியில துரு கலந்த தண்ணி கசியும். ஸ்க்ரூ போட்ட டப்னா கழட்டி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துட்டு, புது பேரிங்கும் ஆயில் சீலும் போட்டு மூடிடலாம். ஒட்டின டப்னா டிரம்மோட சேர்த்து மொத்தத்தையும் மாத்தணும். அந்தச் செலவைக் கேட்டதுமே நிறைய பேர் புது மெஷின் வாங்கிடுறாங்க.

ஒரே கம்பெனியில ஒரு மாடல் ஸ்க்ரூ, அடுத்த மாடல் ஒட்டு. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்திருக்கேன். அதனால பிராண்டைக் கேட்காதீங்க, மாடலைக் கேளுங்க.

கணக்கர்:

பொருள் விஷயத்திலாவது விவாதத்துக்கு இடம் உண்டு. இன்சூரன்ஸ், இன்டர்நெட் போல வருஷா வருஷம் புதுப்பிக்கிற சேவைகளில் ஒரே இடத்தில் இருப்பது பெரும்பாலும் நஷ்டம்தான். இதை ஆதாரத்தோடு சொல்லலாம்.

பிரிட்டனில் நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையமே வீடு, கார் இன்சூரன்ஸ் சந்தையை ஆராய்ந்து பார்த்தது. 2018-ம் ஆண்டில் 60 லட்சம் பாலிசிதாரர்கள் மிக அதிகமான பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கள் ரிஸ்க்குக்கு உரிய சராசரி விலையைக் கட்டியிருந்தால் மொத்தம் 120 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். நடந்தது என்னவென்றால், புதிதாக வருகிறவருக்குக் குறைந்த விலை. வந்தபின் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கேள்வி கேட்காமல் கட்டுகிறவர் யார், விலையை ஒப்பிட்டு விலகிப் போகிறவர் யார் என்று கம்பெனிக்குக் கணக்குத் தெரியும். பேசாமல் கட்டுகிறவர் தலையில்தான் ஏற்றம் விழும். 2022 ஜனவரி 1 முதல், புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற விலையைவிடப் பழையவரிடம் அதிகம் கேட்கக் கூடாது என்று அங்கே விதியே போட வேண்டியதாயிற்று.

அதே 2018-ல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு மொபைல், பிராட்பேண்ட், வீட்டு இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு என்று ஐந்து துறைகளைச் சேர்த்து ஒரு முறையீடு கொடுத்தது. தங்கிவிட்ட வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இதில் எனக்கு வருத்தம் எங்கே என்றால், இப்படி மாட்டிக்கொள்கிறவர்களில் வயதானவர்களும், இன்டர்நெட்டில் விலை ஒப்பிடத் தெரியாதவர்களும் அதிகம். நம்பி இருக்கிறவரைத் தேடிப் பிடித்து அவரிடமே கூடுதலாக வாங்குவதை என்னால் வியாபாரத் திறமை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வெண்பனி:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு பொருளை வாங்கும் முன் அதன் தரத்தை முழுதாகச் சோதிக்க யாராலும் முடியாது. விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் விளக்கினார். நல்ல கார் எது, மோசமான கார் எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தைக்கே வர மாட்டார். கடைசியில் மோசமானவை மட்டும் மிஞ்சும். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதற்கு ஒரு மாற்று மருந்தாக அவரே சொன்னது பிராண்ட் பெயர். பெயரைக் கெடுத்துக்கொண்டால் அடுத்த விற்பனை போய்விடும் என்ற பயம் கம்பெனிக்கு இருக்கும். அந்தப் பயம்தான் நமக்குப் பாதுகாப்பு.

1982-ல் சிகாகோ பகுதியில் டைலெனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் தொழிற்சாலையில் கலந்தது அல்ல, கடைகளுக்குப் போன பிறகு கலந்தது. இருந்தும் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும்படி மூன்று அடுக்கு சீல் போட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மக்களும் திரும்பி வந்தார்கள். பெயர் தெரியாத ஒரு கம்பெனியாக இருந்திருந்தால் பெயரை மாற்றிக்கொண்டு ஓடியிருக்கும்.

இன்னொன்று, நேரம். வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஐம்பது விமர்சனம் படித்துக்கொண்டிருந்தால் வாழ்வது எப்போது? ஏமாற்றாத ஒன்று கிடைத்தால் அதோடு இருந்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை.

கணக்கர்:

வெண்பனி சொல்லும் பாதுகாப்பு நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் எப்போது வேலை செய்யும்? நான் விலகிப் போவேன் என்ற சாத்தியம் இருக்கும்போது மட்டும்தான். என்ன செய்தாலும் இவர் போக மாட்டார் என்று தெரிந்த பிறகு கம்பெனிக்கு என்ன பயம்? நீங்கள் சொன்ன தத்துவமே, கண்ணை மூடிக்கொண்டு தங்கிவிடுகிறவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

பெரிய பெயர் என்பதாலேயே ஒழுங்காக இருப்பார்கள் என்பதும் இல்லை. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியதே. சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் புகையைக் குறைக்கிற மென்பொருளை உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். "சுத்தமான டீசல்" என்ற விளம்பரத்தை நம்பி, சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று தேடிப்போய் வாங்கியவர்கள் உண்டு. அவர்கள் வைத்த நம்பிக்கைக்குக் கிடைத்தது அது.

மருந்தக_மல்லி:

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள், என் துறை என்பதால் எழுதுகிறேன்.

விவரம் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. அமெரிக்காவில் வீட்டுக் கொள்முதல் விவரங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. தலைவலி மாத்திரை வாங்கும்போது சாதாரண மக்கள் 26 சதவீத நேரம் விளம்பரமான பிராண்டை எடுக்கிறார்கள். மருந்தாளர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கும்போது 9 சதவீத நேரம்தான் அதை எடுக்கிறார்கள். மீதி நேரம் கடையின் சொந்தப் பெயரில் வரும் அதே மருந்து. மூலப்பொருளும் அளவும் ஒன்று என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜெனரிக், அதாவது அதே மூலப்பொருளோடு வேறு பெயரில் வரும் மருந்துக்கு எதிராக அடிக்கடி கேட்கும் ஒரு தவறான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். "80-லிருந்து 125 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாமாம், அப்படியென்றால் மருந்து பாதிக்குப் பாதி மாறலாமே" என்பார்கள். அது மருந்தின் அளவு பற்றிய எண்ணே இல்லை. இரண்டு மருந்தும் ரத்தத்தில் சேரும் அளவை ஒப்பிட்டு, அந்த விகிதத்துக்கான புள்ளியியல் எல்லை முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. சராசரியில் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் சோதனையில் தேறவே முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 12 ஆண்டுகளில் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேரும் மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 3.5 சதவீதம் அளவில்தான் இருந்தது.

ஆனால் மாறவே கூடாத இடமும் மருந்தில் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டால், பிரிமிடோன் ஆகிய நான்குக்கும் நோயாளி ஒரே கம்பெனி தயாரிப்பிலேயே தொடர வேண்டும் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அறிவுறுத்தியது. ரத்தத்தில் சிறிய மாற்றம் வந்தாலே வலிப்பு திரும்பலாம், அல்லது மருந்து அதிகமாகித் தலைசுற்றல், தடுமாற்றம் வரலாம். அதே நேரம் லெவெடிரசெட்டாம் போன்ற சில வலிப்பு மருந்துகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொதுவாகத் தேவையில்லை என்றும் அதே அறிவுரை சொல்கிறது. தைராய்டுக்கான லெவோதைராக்சினிலும் ஒரே தயாரிப்பில் நிலையாக இருப்பது நல்லது. மாற்றினால் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

இங்கே ஒரே பெயரில் இருப்பதற்குக் காரணம் அந்தக் கம்பெனி உயர்ந்தது என்பதல்ல. உடம்பு ஒரு அளவுக்குப் பழகியிருக்கிறது, அதைக் குலைக்கக் கூடாது. கம்பெனி 'அ'வில் இருப்பவர் 'அ'விலும், 'ஆ'வில் இருப்பவர் 'ஆ'விலும் தொடர வேண்டும்.

லென்ஸ்கண்:

கேமராக்காரன் நான். எங்கள் உலகத்தில் பிராண்ட் என்றால் அடிதடியே நடக்கும். ஆனால் அடியில் இருக்கும் காரணம் எளிமையானது. பாடி வாங்குவது ஒரு தடவை, லென்ஸ் சேர்ப்பது வாழ்நாள் முழுக்க. பாடியை மாற்றலாம், பையில் இருக்கும் நாலு லென்ஸை யார் மாற்றுவது? அடுத்த பாடியும் அதே கம்பெனியாகத்தான் இருக்கும். இதை நாங்கள் விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

கட்டிப்போட்டவர்கள் நடந்துகொண்ட விதத்திலும் வித்தியாசம் உண்டு. லென்ஸைப் பாடியில் மாட்டும் வாயை மவுண்ட் என்போம். நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்ட்டை அடிப்படை வடிவம் மாறாமல் பல பத்தாண்டுகள் காப்பாற்றியது. பழைய லென்ஸ் புது பாடியில் எல்லா வசதியோடும் வேலை செய்யாது, ஆனால் பல லென்ஸ்கள் பொருந்தும், படம் எடுக்கலாம். கேனன் 1987-ல் எஃப்டி மவுண்ட்டைக் கைவிட்டு இஎஃப் என்று புதிதாக ஆரம்பித்தது. அதுவரை சேர்த்த லென்ஸ் எதுவும் புது பாடியில் நேராகப் பொருந்தவில்லை. பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொதிப்பு. ஆனால் வாய் அகலமாகி, முழுக்க மின்சாரத் தொடர்பு வந்ததால், ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்க முடிந்தது. விளையாட்டுப் படம் எடுப்பவர்கள் கூட்டம் கூட்டமாக கேனன் பக்கம் போனார்கள். 2018-ல் மறுபடி மவுண்ட் மாற்றியபோது கேனன் பாடம் கற்றிருந்தது. அடாப்டர் போட்டால் பழைய இஎஃப் லென்ஸ் ஃபோகஸ் உட்படச் சரியாக வேலை செய்தது.

என் ஆலோசனை இதுதான். விலகினால் எவ்வளவு இழப்பு என்பதை முதல் பொருளை வாங்கும் அன்றே யோசியுங்கள். ஐந்தாவது லென்ஸ் வாங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை.

ஸ்பேனர்:

லென்ஸ்கண் சொன்னது பிரிண்டருக்கும் பொருந்தும். பிரிண்டரை மலிவா கொடுத்துட்டு இங்க்ல எடுப்பாங்க. 2016 செப்டம்பர்ல ஹெச்பி பிரிண்டர் பலது, அதுவரைக்கும் ஏத்துக்கிட்டிருந்த வேற கம்பெனி கார்ட்ரிட்ஜை ஒரே நாள்ல வேண்டாம்னு சொல்லிடுச்சு. காரணம் முன்னாடியே போட்டு வச்சிருந்த மென்பொருள். எதிர்ப்பு வந்த பிறகு அந்தத் தடையை எடுக்கிற அப்டேட் கொடுத்தாங்க. ஆனா காசு கொடுத்து நாம வாங்கி வீட்டுல வச்சிருக்கிற பொருள், நம்மைக் கேட்காமலே மாறுது பாருங்க. அதுதான் எனக்குப் பொறுக்கலை.

திசைமாறி:

எனக்கு ஒரு கேள்வி. போன் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு உணர்ச்சி? என் நண்பன் ஒருவன் வைத்திருக்கும் போனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னால் அவன் அம்மாவைச் சொன்னது மாதிரி சண்டைக்கு வருகிறான்.

வெண்பனி:

நாம் எதைப் பயன்படுத்துகிறோம் என்பதை நாம் யார் என்பதோடு சேர்த்துக்கொள்கிறோம், அதனால்தான். 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. மாற்றும் முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதித்திருந்தார்கள். பழையதைவிடப் புதியதுதான் பிடித்திருக்கிறது என்றே முடிவு வந்தது. ஆனால் விற்பனைக்கு வந்ததும் எதிர்ப்பு வெடித்தது. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெயரை மறைத்துக் குடித்தபோது நாக்கு ஒன்று சொன்னது, பெயரோடு குடித்தபோது மனசு வேறு சொன்னது. அந்த மனசும் பொய் இல்லை. சின்ன வயதிலிருந்து கூட வந்த ஒன்றை இழப்பது நிஜமான இழப்புதான்.

திசைமாறி:

சரி, இழப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உணர்ச்சியால்தானே தவறு நடந்தாலும் கம்பெனியைக் காப்பாற்ற வாடிக்கையாளரே வரிந்துகட்டுகிறார்? ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கிறது என்று பலர் சந்தேகப்பட்டபோது "அதெல்லாம் உங்கள் பிரமை" என்று அடக்கியவர்கள் ரசிகர்கள்தான். 2017 டிசம்பரில் கம்பெனியே ஒத்துக்கொண்டது. பேட்டரி தேய்ந்தால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்தோம் என்றார்கள். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். சொல்லாமல் செய்ததால், பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல் புது போன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? வெளியே வந்த பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். குறை சொன்னவர்கள் வாங்கிக்கொடுத்த சலுகை அது. ரசிகர்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

பாமினி:

நான் ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை செய்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அழைப்பவர்களைத் தக்கவைக்க எங்களுக்கு என்றே தனிச் சலுகைகள் திரையில் வரும். அந்தச் சலுகை, எந்தப் புகாரும் இல்லாமல் வருஷக்கணக்கில் கட்டிவருபவருக்குக் கிடையாது. அவர் கேட்டாலும் சாதாரணப் பிரிவில் இருப்பவர் திரையில் அது தெரியவே தெரியாது. "இத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கேனேம்மா" என்று ஒரு பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கொடுக்க என்னிடம் இருந்தது, அவர் "துண்டிக்கணும்" என்ற சொல்லைச் சொல்லவில்லை என்பதால் கொடுக்க அனுமதி இல்லை.

ஆகவே அன்பாகவே சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அழைத்து "துண்டிக்க விரும்புகிறேன்" என்று சொல்லுங்கள். முன்பே வேறு இடத்து விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கோபப்பட வேண்டியதே இல்லை. எதிர்முனையில் பேசுகிறவர் விதி போட்டவர் அல்ல.

மூங்கில்காடு:

அப்போ பாயின்ட்ஸ், மைல்ஸ் எல்லாம்?

பாமினி:

அதையும் சேமிப்பு என்று நினைக்காதீர்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் மைல் திட்டத்தை ஆரம்பித்தபோது பறந்த தூரத்துக்குப் புள்ளி. 2015-ல் டெல்டா அதைக் கட்டிய காசுக்குப் புள்ளி என்று மாற்றியது, யுனைடெட்டும் அதே வருஷம் மாற்றியது. மலிவு டிக்கெட்டில் நீண்ட தூரம் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வரவு சுருங்கிவிட்டது. விதியை ஒருதலையாக மாற்றும் உரிமை திட்டத்தின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைத்ததைச் சீக்கிரம் செலவழியுங்கள். புள்ளிக்காக விலை அதிகமான இடத்தில் வாங்காதீர்கள்.

வெண்பனி:

ஒன்றைக் கேட்கிறேன். எல்லோரும் எப்போதும் விலை பார்த்து மாறிக்கொண்டே இருந்தால், நீண்ட நாள் உழைக்கிற பொருளைச் செய்கிறவனுக்கு என்ன ஊக்கம்? எல்.எல்.பீன் என்ற துணி, காலணிக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வாக்குறுதியை ரொம்ப காலம் காப்பாற்றியது. பழைய பொருள் விற்பனையில் வாங்கியதை, தேய்த்துக் கிழித்ததை எல்லாம் கொண்டுவந்து பணம் கேட்டவர்கள் பெருகியதால் 2018-ல் ஒரு வருஷம் என்று எல்லை போட்டுவிட்டது. நல்ல வாக்குறுதியைக் கெடுத்ததில் வாங்குகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. நல்லது செய்கிறவனோடு நிற்பது ஒரு பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

கணக்கர்:

இந்த இடத்தில் வெண்பனியோடு முழுக்க உடன்படுகிறேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்போம். எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. என் அளவுகோல், எழுதிக் கொடுத்த வாக்கு. ஃபேர்போன் 5 என்ற போன் 2023-ல் வந்தபோது ஐந்து வருஷ வாரண்டி, எட்டு வருஷப் பாதுகாப்பு அப்டேட் என்று சொன்னார்கள். பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். அதே வருஷம் கூகுள் பிக்சல் 8-க்கு ஏழு வருஷ அப்டேட் என்றது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் எஸ்24 வரிசைக்கு ஏழு வருஷம் என்று அறிவித்தது. ஒருவர் வாக்குக் கொடுத்ததும் அடுத்தவரும் கொடுக்க வேண்டியதாயிற்று, பாருங்கள். வாக்கைக் காப்பாற்றினால் அடுத்த போனும் அவரிடமே வாங்குவேன். தவறினால் அன்றே விலகுவேன். இது எனக்கு நிம்மதியாக இருக்கிறது, விளம்பரத்தில் வரும் நடிகர் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டியதில்லை.

ஸ்பேனர்:

கணக்கர் சாருக்கு ஒரு சேர்க்கை. வாக்குறுதி கொடுக்கிறவர் வேற, உள்ளே பாகம் செய்றவர் வேற. டகாட்டா ஏர்பேக் கதை தெரியும்ல? ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஃபோர்டுன்னு ஒண்ணோடொண்ணு போட்டி போடுற கம்பெனி எல்லாம் டகாட்டாங்கிற ஒரே கம்பெனிகிட்ட ஏர்பேக் வாங்கிச்சு. உள்ளே வாயு உண்டாக்குற அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்துலயும் ஈரப்பதத்துலயும் வருஷக்கணக்குல கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டு தெறிச்சு உயிர் போச்சு. அமெரிக்காவுல மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக் திரும்பப் பெற உத்தரவு. ஹோண்டாவை விட்டு டொயோட்டாவுக்கு மாறினவரும் அதே பையைத்தான் முன்னாடி வச்சுக்கிட்டு ஓட்டினார். அந்த மாதிரி விஷயத்துல பிராண்டை நம்பவும் முடியாது, மாறித் தப்பிக்கவும் முடியாது. காரோட சேசிஸ் நம்பரைப் போட்டு, திரும்பப் பெறும் பட்டியல்ல இருக்கான்னு அப்பப்போ பார்க்கணும். அழைப்பு வந்தா தள்ளிப்போடாதீங்க, இலவசமா மாத்தித் தர்றாங்க.

சுடர்விழி:

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அண்ணனையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். "மாடலைக் கேளுங்க" என்ற இடத்தில் அவரும் சரி என்றார். இன்சூரன்ஸ் கடிதத்தை எடுத்துப் போன வருஷத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆலமரத்தடி:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். மருந்தக மல்லி அவர்களுக்கு ஒரு கேள்வி. என் அம்மா வலிப்புக்கு கார்பமசெபைன் சாப்பிடுகிறார்கள். இந்த மாதம் கடையில் ஸ்டாக் இல்லை என்று வேறு கம்பெனி அட்டை கொடுத்துவிட்டார்கள். பெயர் வேறு, உள்ளே மருந்து அதேதான் என்றார் கடைக்காரர். இரண்டு வேளை கொடுத்தும்விட்டேன். மேலே எழுதியதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

மருந்தக_மல்லி:

நிறுத்தவே வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. பழைய கம்பெனி மாத்திரை கைக்கு வரும்வரை, இப்போது இருப்பதையே வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் கொடுங்கள்.

பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குக் கீழே மில்லிகிராம் ஒன்றாக இருக்கிறதா? சாதாரண மாத்திரையா, மெதுவாகக் கரையும் வகையா? பெயருக்குப் பின்னால் சிஆர், எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று எழுத்து இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அந்த வகை மாறியிருந்தால் இன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், அது வெறும் கம்பெனி மாற்றம் இல்லை.

இரண்டும் ஒன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் தகவலைச் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குத் தலைசுற்றல், தூக்கக் கலக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம் வருகிறதா என்று கவனியுங்கள். வலிப்பு வந்தாலும், இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் கூட்டிப்போங்கள். அடுத்த முறை மருந்துச் சீட்டில் தயாரிப்பாளர் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

ஆலமரத்தடி:

இரண்டும் 200 மில்லிகிராம். ஆனால் புது அட்டையில் பெயருக்குப் பின்னால் சிஆர் என்று இருக்கிறது, பழையதில் இல்லை. மருத்துவரை அழைக்கிறேன்.